தொகுப்பித்தவர் இல்லாத தொகை: புதிய ஏற்பாடு உருவான வரலாறு

எட்டுத்தொகை நூல்களைப் பயில்வோர் 'தொகுத்தவர்', 'தொகுப்பித்தவர்' என்னும் இரு சொற்களையும் நன்கு அறிவர். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார்; தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. சைவத் திருமுறைகளுக்கும் இத்தகைய மரபுச் செய்தி உண்டு. தில்லையில் பூட்டிக் கிடந்த ஏடுகளைச் சோழ மன்னன் ஒருவனின் விருப்பப்படி நம்பியாண்டார் நம்பி வெளிக்கொணர்ந்து தொகுத்தார் என்று திருமுறைகண்ட புராணம் கூறும். பாடல்கள் சிதறிக் கிடக்கும். அறிஞர் ஒருவர் திரட்டுவார். அரசர் ஒருவர் துணை நிற்பார். 'தொகை' என்றதும் நம் மனத்தில் எழும் வடிவம் இதுவே.

கிறித்தவர்களின் புதிய ஏற்பாட்டைப் பற்றிப் பேசும்போதும் நாம் இவ்வடிவத்தையே பொருத்திப் பார்க்கிறோம். கி.பி. 325இல் நிசேயா நகரில் கூடிய ஆயர்களின் சங்கத்தில், உரோமைப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் விருப்பப்படி, பல நற்செய்தி நூல்களுள் நான்கு மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஏனையவை விலக்கப்பட்டன என்னும் கூற்று விவாதங்களில் தயக்கமின்றி எடுத்தாளப்படுகிறது. இதற்கு மறுமொழி கூறுவோருட் பலர், 27 நூல்களும் தொடக்கம் முதலே ஒரே கட்டாக இருந்து வந்தவை என்பது போலப் பேசுகின்றனர். முன்னவர் கூற்றில் ஓர் அரசன் ஒரே நாளில் நூலை ஆக்குகிறான். பின்னவர் கூற்றில் நூல் ஆக்கப்படவே இல்லை. இரண்டுமே ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன.

அந்த முந்நூற்றைம்பது ஆண்டுகளை வரிசையாகப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம். சுருங்கச் சொன்னால், நம்பிக்கை முதலில் தோன்றியது. எழுத்து அதன்பின் வந்தது. எழுத்துகளைச் சபைகளில் வாசிக்கும் வழக்கம் அடுத்து நிலைபெற்றது. பட்டியல் கடைசியில் வந்தது. இவ்வரிசையை மாற்றினால் கிறித்தவத்தின் தோற்றமும் விளங்காது, அதன் திருநூலின் இயல்பும் விளங்காது.

1. நூலுக்கு முன் நம்பிக்கை

நாசரேத்தூர் இயேசு எந்த நூலையும் எழுதவில்லை. அவர் பேசிய மொழி அரமேயம். புதிய ஏற்பாட்டு நூல்கள் அனைத்தும் நமக்குக் கிடைப்பது கிரேக்கத்தில். கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட உரோமை ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் காலத்தில் அவர் சிலுவையில் அறையப்பட்டார் என்பதைக் கிறித்தவர் அல்லாத உரோமை வரலாற்றாசிரியர் தாசித்துவும் குறிப்பிடுகிறார். இயேசுவைப் பின்பற்றியோர் யூதர்கள். அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு திருநூல் இருந்தது: மோசேயின் சட்டம், இறைவாக்கினரின் நூல்கள், திருப்பாடல்கள் முதலியன. எபிரேயத்திலிருந்து அந்நூல்களைக் கிரேக்கத்தில் பெயர்க்கும் பணி கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவில் தொடங்கிவிட்டது. எழுபதின்மர் பெயர்ப்பு எனப்படும் அதுவே கிரேக்கம் பேசிய முதற் கிறித்தவர்களின் திருநூலாயிற்று. ஆக, முதல் தலைமுறைக் கிறித்தவருக்குத் திருநூல் என்றால் பின்னாளில் பழைய ஏற்பாடு எனப்பட்டதே. புதிய ஏற்பாடு என்றொரு நூல் தேவை என்ற எண்ணமே அவர்களிடம் இல்லை.

அவர்களிடம் இருந்தது ஒரு செய்தி. இஸ்ரயேலின் ஒரே கடவுள் தாம் வாக்களித்த மெசியாவை அனுப்பினார், அவர் மக்களின் பாவங்களுக்காக இறந்தார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார், மீண்டும் வருவார். இச்செய்தி எவ்வளவு பழமையானது என்பதற்குச் சான்று பவுலின் முதல் கொரிந்தியர் திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தில் உள்ளது. கி.பி. 50களின் நடுவில் அத்திருமுகத்தை எழுதும் பவுல், கிறிஸ்து இறந்ததும் அடக்கம் செய்யப்பட்டதும் எழுந்ததும் பலருக்குத் தோன்றியதுமான செய்தியைத் தாம் பிறரிடமிருந்து பெற்றதாகவும், பெற்றதையே ஒப்படைத்ததாகவும் கூறுகிறார். பெறுதல், ஒப்படைத்தல் ஆகிய இரண்டும் யூத ஆசிரிய மரபில் வாய்மொழிப் பாடத்தை வழங்குவதற்குரிய கலைச்சொற்கள். பவுல் எழுதுமுன்பே மனனம் செய்து சொல்லத்தக்க வடிவத்தை அச்செய்தி பெற்றிருந்தது என்பது இதனால் தெளிவு.

2. எழுதப்பட்ட வரிசையும் கட்டப்பட்ட வரிசையும்

இன்றைய புதிய ஏற்பாட்டைத் திறந்தால் முதலில் மத்தேயு நற்செய்தி இருக்கும். பவுலின் திருமுகங்கள் நடுவில் வரும். எழுதப்பட்ட காலத்தால் இவ்வரிசை தலைகீழானது. இன்று கிடைக்கும் கிறித்தவ எழுத்துகளுள் மிகப் பழையதாகப் பெரும்பாலான ஆய்வாளர் கொள்வது, கி.பி. 50ஐ ஒட்டி எழுதப்பட்ட முதல் தெசலோனிக்கர் திருமுகம். பவுலின் பெயரில் 13 திருமுகங்கள் உள்ளன. அவற்றுள் உரோமையர், 1 கொரிந்தியர், 2 கொரிந்தியர், கலாத்தியர், பிலிப்பியர், 1 தெசலோனிக்கர், பிலமோன் ஆகிய ஏழும் அவரே எழுதியவை என்பதில் ஆய்வாளரிடையே ஏறத்தாழ ஒருமித்த கருத்து உண்டு. இவை திருநூலாகும் என்று எண்ணி எழுதப்பட்டவை அல்ல. ஒரு சபையில் பூசல். வேறொரு சபையில் இறந்தோரைப் பற்றிய கவலை. பிலமோனிடம் ஓர் அடிமைக்காகப் பரிந்துரை. காரியத்துக்காக எழுதப்பட்ட மடல்கள் அவை.

நற்செய்தி நூல்கள் இதற்குப் பின்னர் வந்தவை. கண்டோர் மறையத் தொடங்கிய காலம் அது. கி.பி. 70இல் தீத்துவின் படை எருசலேம் கோவிலை அழித்தது. யூத உலகமே நிலைகுலைந்தது. அவ்வாண்டை ஒட்டி மாற்கு நற்செய்தியும், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மத்தேயு, லூக்கா நற்செய்திகளும், நூற்றாண்டின் இறுதியில் யோவான் நற்செய்தியும் எழுதப்பட்டன என்பது பெரும்பான்மை ஆய்வுமுடிவு. மத்தேயுவும் லூக்காவும் மாற்குவை முன்வைத்தே எழுதினர் என்பதை மூன்றையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடும் மாணவர் எவரும் காணலாம். தமக்கு முன்பே பலர் எழுத முயன்றதை லூக்கா தம் முன்னுரையில் வெளிப்படையாகவே சொல்கிறார். நூல்களின் உட்பகுதியில் ஆசிரியர் பெயர் கூறப்படவில்லை. இன்னார் எழுதியது என்னும் தலைப்புகள் பின்னர் வழங்கப்பட்டவை.

ஆகவே முதல் நூற்றாண்டின் முடிவில் எழுத்துகள் இருந்தன, தொகை இல்லை. கொரிந்து சபையிடம் சில மடல்கள். வேறொரு நகரில் ஒரு நற்செய்தி. இவை எவ்வாறு ஒன்றுசேர்ந்தன?

3. வாசிப்பே தொகுத்தது

பவுலின் பெயரிலுள்ள கொலோசையர் திருமுகம் தன் முடிவில் ஓர் ஏற்பாட்டைச் சொல்கிறது: இம்மடலை இங்கே வாசித்தபின் அண்டை நகரான இலவோதிக்கேயாவின் சபையிலும் வாசிக்கச் செய்ய வேண்டும்; அங்குள்ள மடலை இங்கே வாசிக்க வேண்டும். மடல்கள் படியெடுக்கப்பட்டு ஊர்விட்டு ஊர் சென்றதன் தொடக்கம் இத்தகைய பரிமாற்றமே. புதிய ஏற்பாட்டு நூல்களுள் மிகவும் பிற்பட்டது எனப் பலர் கருதும் இரண்டாம் பேதுரு திருமுகம், பவுலின் திருமுகங்களை ஒரு தொகுதியாகச் சுட்டி, மற்ற மறைநூல்களோடு இணைத்துப் பேசுகிறது. மடல் திருநூலாக மாறும் தருணத்தை நாம் இங்குக் காண்கிறோம்.

கி.பி. 155ஐ ஒட்டி உரோமையில் எழுதிய ஜஸ்டின், ஞாயிறுதோறும் கிறித்தவர் கூடும் முறையைப் பேரரசருக்கு விளக்குகிறார். திருத்தூதரின் நினைவுக் குறிப்புகளோ இறைவாக்கினரின் எழுத்துகளோ அங்கு வாசிக்கப்படும். பின்னர்த் தலைவர் உரை நிகழ்த்துவார். அப்பமும் இரசமும் பகிரப்படும். அந்த 'நினைவுக் குறிப்புகள்' நற்செய்தி நூல்களே என்று அவரே வேறிடத்தில் தெளிவுபடுத்துகிறார். இறைவாக்கினர் நூல் வாசிக்கப்பட்ட அதே இடத்தில், அதே மதிப்போடு நற்செய்தியும் வாசிக்கப்பட்டது. எந்தச் சங்கமும் இதைத் தீர்மானிக்கவில்லை. வாரந்தோறும் நிகழ்ந்த வழிபாடு அதைச் செய்தது.

நூலின் பருவடிவமும் இதற்கு உதவியது. அக்காலத்தில் இலக்கிய நூல்கள் சுருள்களில் எழுதப்பட்டன. கிறித்தவரோ மிக முற்காலத்திலிருந்தே தாள்களை மடித்துத் தைத்த புத்தக வடிவத்தை விரும்பினர். ஒரு சுருளில் ஒரு நற்செய்தி கொள்ளும். புத்தக வடிவத்தில் நான்கையும் ஒன்றாகக் கட்டலாம். எகிப்தில் கிடைத்த பாப்பிரசுப் படிகளுள், ஏறத்தாழ கி.பி. 200ஐச் சேர்ந்த ஒன்று பவுலின் திருமுகங்களைத் தொகுதியாகக் கொண்டுள்ளது. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மற்றொன்றில் நான்கு நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும் ஒரே கட்டில் இருந்தன. இவை நிசேயாவுக்கு முற்பட்டவை. நான்கு என்னும் எண்ணிக்கை 325இல் முடிவானது என்போர் இப்படிகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

4. எல்லை வகுக்கத் தூண்டிய பூசல்கள்

வாசிப்பு தொகையைத் தந்தது. எல்லையைத் தந்தது கருத்துப் பூசல். கருங்கடற்கரையிலிருந்து உரோமைக்கு வந்த மார்சியோன் கி.பி. 144ஐ ஒட்டி அங்குள்ள சபையிலிருந்து பிரிந்தார். உலகைப் படைத்த பழைய ஏற்பாட்டுக் கடவுள் வேறு, இயேசு அறிவித்த அன்பின் கடவுள் வேறு என்பது அவர் கொள்கை. ஆகவே எபிரேயத் திருநூல்களை முற்றிலும் ஒதுக்கினார். லூக்கா நற்செய்தியைத் தம் கொள்கைக்கேற்பச் சுருக்கி, பவுலின் பத்துத் திருமுகங்களோடு சேர்த்துத் தம் சபைக்குத் திருநூலாக்கினார். நாம் அறிந்தவரை, இவையே கிறித்தவத் திருநூல், இவையன்றி வேறில்லை என்று வரையறுத்த முதல் மனிதர் அவரே. பிற சபைகள் அவரை மறுத்தபோது, தாங்கள் வாசித்து வந்தவை எவை, ஏன் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

இதற்கு நேர்மாறான முயற்சி தாத்தியானுடையது. ஜஸ்டினின் மாணவரான அவர் கி.பி. 170ஐ ஒட்டி நான்கு நற்செய்திகளையும் இழைத்து ஒரே தொடர்கதையாக ஆக்கினார். முரண்பாடுகளைக் காட்டிப் பழிப்போருக்கு இது தக்க விடையாக அமைந்திருக்கலாம். சிரியாவில் அந்நூல் பெருவழக்காகவும் இருந்தது. ஆயினும் இறுதியில் திருச்சபை ஒரு நற்செய்தியையோ இழைத்த நற்செய்தியையோ கொள்ளாமல், ஒன்றோடொன்று முழுதும் ஒத்துப்போகாத நான்கையும் அவ்வாறே வைத்துக்கொண்டது. தம் வசதிக்கு நூலை அமைத்துக்கொண்டோர் செய்யும் வேலை அன்று இது. கி.பி. 180ஐ ஒட்டி இலியோன் நகர ஆயர் ஐரேனியஸ், திசைகள் நான்கு என்பதுபோல நற்செய்திகளும் நான்கே என வாதிட்டார். வாதம் வலுவற்றது, ஆனால் நான்கு என்பது அவருக்குக் கண்முன் உள்ள நடைமுறை என்பதும், அதற்கே அவர் காரணம் தேடுகிறார் என்பதும் அதில் தெரிகின்றன.

ஐரேனியஸ் நூல்களை அளக்கும் அளவுகோலாக வைப்பது 'நம்பிக்கையின் ஒழுங்கு' என்பதை. அனைத்தையும் படைத்த ஒரே கடவுள். நம் மீட்புக்காக உடலெடுத்த அவர் மகன் இயேசு கிறிஸ்து. இறைவாக்கினர் வழிப் பேசிய தூய ஆவி. திருமுழுக்குப் பெறுவோர் அறிக்கையிட்ட இம்மூன்றுமே பின்னாளில் விசுவாச அறிக்கைகளின் எலும்புக்கூடாயின. படைப்பைப் பழிக்கும் நூலும் இயேசுவின் உடலைப் பொய்த்தோற்றம் என்னும் நூலும் இவ்வளவுகோலுக்குள் அடங்கா. நம்பிக்கை நூலைச் சோதித்தது. சோதிக்கப்பட்ட நூல் நம்பிக்கைக்குச் சான்றாயிற்று. இதனை வட்டவாதம் எனலாம். ஆனால் வாழும் சமூகம் ஒவ்வொன்றும் தன் மரபைப் பேணும் முறையும் இதுவே.

இச்சோதனை நடைமுறையில் எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. கி.பி. 200ஐ ஒட்டி அந்தியோக்கியா ஆயராயிருந்த செராப்பியோன், ரோசு என்னும் ஊரின் சபையைப் பார்க்கச் சென்றார். அங்கே பேதுருவின் பெயரால் ஒரு நற்செய்தி வழங்கியது. அது குறித்துப் பூசல் இருந்தது. அந்நூலைப் படித்துப் பாராமலே, வாசிக்கலாம் என்று ஆயர் இசைவு தந்தார். பின்னர் ஐயம் எழவே, அந்நூலைப் போற்றியவர்களிடமிருந்தே ஒரு படியைப் பெற்றுப் படித்தார். பெரும்பகுதி சரியான போதனை, சில சேர்க்கைகள் மட்டும் பிழை என்று கண்டு, சேர்க்கைகளைப் பட்டியலிட்டுச் சபைக்கு எழுதினார். பேரரசும் இல்லை, சங்கமும் இல்லை. ஓர் ஆயர், ஒரு சபை, ஒரு நூல், ஒரு மறுபரிசீலனை. புதிய ஏற்பாட்டின் எல்லை இத்தகைய எண்ணற்ற சிறு முடிவுகளால் ஆனது.

5. நிசேயாவில் நடந்ததும் நடவாததும்

நிசேயாவுக்கு 22 ஆண்டுகளுக்கு முன், கி.பி. 303இல், பேரரசர் தியோக்கிளேசியன் கிறித்தவரின் கோவில்களை இடிக்கவும் மறைநூல்களை எரிக்கவும் ஆணையிட்டார். காவலரிடம் நூல்களை ஒப்படைத்தவர்களைத் துரோகிகள் எனச் சக கிறித்தவர் பழித்தனர். அப்பழியால் வட ஆப்பிரிக்கத் திருச்சபை இரண்டாகப் பிளந்தது. எந்த நூல் மறைநூல் என்பது தெரியாத சமூகத்தில் இத்தகைய பிளவு நேராது.

சங்கத்துக்குச் சில ஆண்டுகளே முற்பட்டுத் திருச்சபை வரலாற்றை எழுதிய யுசேபியஸ், நூல்களின் நிலையை வகைப்படுத்திக் காட்டுகிறார். நான்கு நற்செய்திகள், திருத்தூதர் பணிகள், பவுலின் திருமுகங்கள், 1 பேதுரு, 1 யோவான் ஆகியவை அனைவராலும் ஏற்கப்பட்டவை. யாக்கோபு, யூதா, 2 பேதுரு, 2, 3 யோவான் ஆகியவை ஐயத்துக்குரியவை, ஆயினும் பலர் அறிந்தவை. எர்மாவின் மேய்ப்பர், பர்னபாவின் திருமுகம் முதலியன ஏற்கத்தகாதவை. பேதுரு, தோமா முதலியோர் பெயரிலுள்ள நற்செய்திகள் முற்றிலும் தள்ளத்தக்கவை. திருவெளிப்பாட்டை மட்டும் அவர் ஏற்கப்பட்டவற்றிலும் ஏற்கத்தகாதவற்றிலும் ஆக இரு இடங்களிலும் வைத்து, விரும்பியவாறு கொள்க என்று விடுகிறார். அந்நூலின் நடையையும் சொல்லாட்சியையும் இலக்கணத்தையும் யோவான் நற்செய்தியோடு ஒப்பிட்டு, இரண்டின் ஆசிரியரும் ஒருவர் அல்லர் என்று அலெக்சாந்திரியா ஆயர் தியோனிசியு 3ஆம் நூற்றாண்டிலேயே வாதிட்டிருந்தார். நடுப்பகுதி உறுதியாகவும் ஓரங்கள் நெகிழ்வாகவும் இருந்தன என்பதே அன்றைய நிலை.

சங்கம் கூடியது வேறொரு வினாவுக்காக. கடவுளின் மகன் படைக்கப்பட்டவரா, தந்தையோடு ஒரே இயல்பினரா? படைக்கப்பட்டவர் என்றார் அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுஸ். ஒரே பொருண்மை உடையவர் என்று சங்கம் அறிக்கையிட்டது. பாஸ்கா நாளைப் பற்றியும் முடிவு செய்தது. ஒழுங்குமுறைக்காக 20 விதிகளை வகுத்தது. அவ்விதிகளில் திருநூற் பட்டியல் இல்லை. யூதித்து நூலைச் சங்கம் மறைநூல்களுள் எண்ணியதாகச் சொல்லப்படுவதை ஜெரோம் பிற்காலத்தில் ஒரு முன்னுரையில் குறிப்பிடுகிறார். அதுவும் பழைய ஏற்பாட்டைச் சார்ந்த குறிப்பே.

இங்கே கருதத்தக்க ஒன்று உண்டு. 'ஒரே பொருண்மை' என்னும் சொல்லுக்கு எதிராக ஆயர் பலர் எழுப்பிய தடை, அச்சொல் மறைநூலில் இல்லை என்பதாகும். மறைநூற் சொற்களை எதிர்த்தரப்பினர் தம் கருத்துக்கு வளைத்ததால்தான் மறைநூலில் இல்லாத சொல்லை நாட வேண்டியதாயிற்று என்று அத்தனாசியஸ் பின்னர் விளக்கினார். இரு தரப்பும் அதே நூல்களை மேற்கோள் காட்டியே போரிட்டன. நூல்கள் பூசலின் பொருளாக இல்லை. பூசல் நிகழ்ந்த பொதுக்களமாக இருந்தன.

நிசேயா பட்டியலை முடிவு செய்திருந்தால், அதன்பின் வந்தோர் அதை மீறத் துணிந்திரார். கி.பி. 350ஐ ஒட்டி எருசலேம் ஆயர் சிரில் தந்த பட்டியலில் திருவெளிப்பாடு இல்லை. நிசேயா அறிக்கைக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய நசியான்சு நகர் கிரகோரியின் பட்டியலிலும் இல்லை. 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த சினாய் மலைப் படியிலோ, பர்னபாவின் திருமுகமும் எர்மாவின் மேய்ப்பரும் புதிய ஏற்பாட்டைத் தொடர்ந்து எழுதப்பட்டுள்ளன.

கான்ஸ்டன்டைன் செய்தது ஒன்றுண்டு. தம் புதிய தலைநகரின் கோவில்களுக்காக 50 திருநூற் படிகளை ஆயத்தம் செய்யுமாறு யுசேபியசுக்கு எழுதினார். அம்மடலில் தாளின் தரமும் எழுத்தின் தெளிவும் பேசப்படுகின்றன. எந்தெந்த நூல்கள் என்பது பேசப்படவில்லை. இன்றைய 27 நூல்களை மட்டும் சரியாகக் கொண்ட பட்டியல் முதன்முதலாக நமக்குத் தெளிவாகக் கிடைப்பது கி.பி. 367இல், அத்தனாசியஸ் எகிப்தியச் சபைகளுக்குப் பாஸ்கா நாளை அறிவிக்க எழுதிய ஆண்டு மடலில். கான்ஸ்டன்டைன் இறந்து அப்போது 30 ஆண்டுகள் ஆகிவிட்டன. மேலும், இதே அத்தனாசியசை நாடுகடத்தித் தொலைவிலுள்ள திரியேருக்கு அனுப்பியவர் அந்தக் கான்ஸ்டன்டைனே. ஹிப்போவில் 393இலும் கார்த்தேஜில் 397இலும் கூடிய வட ஆப்பிரிக்கச் சங்கங்கள் அதே 27ஐ உறுதி செய்தன.

இவ்வளவுக்கும் பிறகு நிசேயாக் கதை எங்கிருந்து வந்தது? 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கத் தொகுப்பு ஒன்று, நூல்களையெல்லாம் பீடத்தருகே வைத்து ஆயர்கள் வேண்டியதாகவும், உண்மையானவை மேலும் பொய்யானவை கீழுமாகப் பிரிந்ததாகவும் நிசேயாவைப் பற்றி ஓர் அற்புதக் கதை சொல்கிறது. 18ஆம் நூற்றாண்டில் வால்டேர் அதை எள்ளி நகையாடிப் பரப்பினார். 2003இல் வெளிவந்த 'தி டா வின்சி கோட்' நாவல் கான்ஸ்டன்டைனை அதன் நாயகனாக்கிற்று. பக்தியால் பிறந்த கதை பகடியால் வளர்ந்து புனைவால் உலகெங்கும் சென்றது.

6. பேரரசுக்கு வெளியே

உரோமைப் பேரரசின் எல்லைக்கு அப்பால் பார்த்தால் உண்மை மேலும் தெளிவாகும். பாரசீக ஆட்சியின்கீழ் வாழ்ந்த சிரியமொழித் திருச்சபை கி.பி. 410இல் செலூக்கியா-தெசிபோன் சங்கத்தில் நிசேயா அறிக்கையை ஏற்றது. ஆயினும் அதன் திருநூலான பெஷித்தாவில் புதிய ஏற்பாட்டு நூல்கள் 22 மட்டுமே: 2 பேதுரு, 2, 3 யோவான், யூதா, திருவெளிப்பாடு ஆகிய ஐந்தும் இல்லை. நிசேயாவின் நம்பிக்கை அறிக்கை வந்து சேர்ந்தது. பட்டியல் வந்து சேரவில்லை, ஏனெனில் அப்படியொன்று இல்லை.

இது இந்திய வரலாற்றோடு நேரடித் தொடர்புடையது. கேரளத்தின் தோமா கிறித்தவர்கள் பல நூற்றாண்டுகளாக இந்தப் பெஷித்தாவையே வாசித்து வந்தனர். 1599இல் கோவாப் பேராயர் அலெய்ஷோ தெ மெனேசஸ் கூட்டிய உதயம்பேரூர்ச் சங்கம், அவர்தம் சிரிய நூல்களில் அந்த ஐந்தும் குறைவுபடுவதைக் குறையாகச் சுட்டி, அவற்றைச் சேர்க்குமாறு விதித்தது. பட்டியலை மேலிருந்து விதித்த அதிகாரத்தைத் தேடுவோர் 4ஆம் நூற்றாண்டு நிசேயாவைவிட 16ஆம் நூற்றாண்டு உதயம்பேரூரை நோக்குவது பொருத்தம். எத்தியோப்பியத் திருச்சபையோ ஏனோக்கு, யூபிலி முதலிய நூல்களையும் உட்கொண்டு 81 நூல்களை எண்ணுகிறது. கிரேக்க வைதிகத் திருச்சபை திருவெளிப்பாட்டைப் பட்டியலில் ஏற்றபோதும் வழிபாட்டு வாசகங்களில் அதனை வாசிப்பதில்லை. பழைய தயக்கத்தின் தடம் வழிபாட்டில் இன்றும் நிற்கிறது.

தமிழ்நூல் அடுக்கிலேயே இவ்வரலாற்றின் மற்றொரு தடத்தைக் காணலாம். சீர்திருத்தத் திருச்சபையினரின் வேதாகமத்தில் 66 நூல்கள். கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் 73. வேறுபாடு பழைய ஏற்பாட்டில். எழுபதின்மர் பெயர்ப்பின் வழியாக வந்து எபிரேயத் தொகுதியில் இடம்பெறாத தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலிய நூல்களை லூத்தர் தனிப்பகுதியாக ஒதுக்கினார்; 1546இல் திரெந்து சங்கம் அவற்றைத் திருநூல்களே என உறுதி செய்தது. அதற்கு முன்பே, 1522இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், எபிரேயர், யாக்கோபு, யூதா, திருவெளிப்பாடு ஆகிய நான்கையும் லூத்தர் இறுதிக்குத் தள்ளியிருந்தார். ஆனால் எவற்றையும் நீக்கவில்லை. 1715இல் தரங்கம்பாடியில் லூத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு அச்சிட்டு முடித்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டிலும் அதே 27. ஓரத்து நூல்களைப் பற்றிய ஐயம் 16ஆம் நூற்றாண்டிலும் உயிரோடிருந்தது; வாசிப்பு வழக்கமோ அதைவிட வலிமையாக இருந்தது.

7. எஞ்சும் வினா

அப்படியானால் அதிகாரத்துக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு, அதனை மறைப்பதும் வரலாறாகாது. அத்தனாசியசின் மடல் வாசிக்கத்தக்கவற்றைச் சொன்னதோடு நில்லாமல், மறைபொருள் நூல்கள் எனப்பட்டவற்றை ஒதுக்குமாறும் வற்புறுத்தியது. கி.பி. 380இல் நிசேயாக் கிறித்தவம் பேரரசின் சமயமானபின், மாற்றுக் குழுக்களின் நூல்கள் படியெடுக்கப்படும் வாய்ப்பே அருகிற்று. சிரியாவில் ஆயர் தியோதரேத்து தம் மறைமாவட்டத்திலிருந்த தாத்தியானின் நூற்படிகள் இருநூற்றுக்கும் மேற்பட்டவற்றைத் திரட்டி அகற்றியதாகத் தாமே எழுதுகிறார். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே ஒரு சாடிக்குள் கிடைத்த 13 சுவடிகளில் தோமா நற்செய்தி முதலியன இருந்தன. அத்தனாசியசின் மடலுக்குப்பின் அவை புதைக்கப்பட்டிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர் உளர். தொகை உருவானதில் அரசனுக்குப் பங்கில்லை. தொகைக்கு வெளியே நின்றவை மறைந்ததில் அரசதிகாரத்துக்குப் பங்குண்டு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதே நிசேயாக் கதையின் பிழை.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. ஒரு சமயத்தின் திருநூல் அரசன் ஒருவனின் சூழ்ச்சி என்று ஆகிவிட்டால், அதை முந்நூறு ஆண்டு வாசித்தும் படியெடுத்தும் ஒளித்தும் காத்த எளிய மக்கள் வரலாற்றிலிருந்து நீங்கிவிடுகின்றனர். கொரிந்தில் பவுலின் மடலைக் கேட்ட அடிமைகளும், ரோசுவில் ஒரு நூலுக்காக வழக்காடியவர்களும், 303இல் காவலர் கதவைத் தட்டியபோது நூலை ஒளித்தவர்களும் வெறும் பார்வையாளர் ஆகிவிடுகின்றனர். மறுபுறம், நூல் அவ்வாறே இறங்கி வந்தது என்றாலும் அதே மக்கள்தாம் மறைகின்றனர். இந்திய மறைநூல் மரபுகளையும் தமிழ்த் தொகைகளையும் ஆராயும் மாணவர் இதனைக் கருத்திற்கொள்வது நலம். தொகுப்பித்தவர் பெயர் கிடைக்கும் இடத்தில் அதைக் குறித்துக்கொள்வோம். கிடைக்காத இடத்தில் அரசன் ஒருவனைக் கற்பிக்காமல், யார் வாசித்தார்கள், எங்கே வாசித்தார்கள், எதற்காக வாசித்தார்கள் என்று கேட்போம். புதிய ஏற்பாட்டைப் பொறுத்தவரை சான்றுகள் விடைதருவது இவ்வினாக்களுக்கே.